வேலி தாண்டி வந்தது

வெட்டிய கிளைகளை நைஜெல் அழகாக அடுக்கி வைத்திருந்தான். அதுதான் மேவிஸுக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை. வெட்டி வீசியெறிந்திருந்தால்கூட, ஏதோ கோபத்தில் செய்துவிட்டான் என்று மனசு ஆறியிருக்கும். இவன் நீளமான கிளைகளை அடியிலும் குட்டையானவற்றை மேலேயும் வைத்து, நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி, சணல் கயிற்றால் கட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய புல்தரையில் வைத்திருந்தான். ஒவ்வொரு கிளையிலும் மொட்டு.

அவர்கள் குடியிருந்த சந்து பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டரிங் ஊரின் ஓரத்தில் ஹேசல் குளோஸ் என்று ஒரு முட்டுச் சந்து. உள்ளே போன வழியாகத்தான் திரும்ப வரவேண்டும். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட செங்கல் வீடுகள். முன்னால் கைக்குட்டை அளவு புல், பின்னால் போர்வை அளவு தோட்டம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்தால்கூட, "இன்னைக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குல்ல?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அந்தச் சந்தின் நியாயஸ்தன் நைஜெல். குப்பை எடுக்கும் நாளில் பச்சைத் தொட்டியா, கறுப்புத் தொட்டியா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. திரையை விலக்கி, நைஜெல் எதை உருட்டி வைத்திருக்கிறான் என்று பார்த்து, அதையே தாங்களும் உருட்டுவார்கள். அவனிடம் தப்பே வராது. "சட்டம் சட்டம்தானே?" என்பது அவனுடைய பல்லவி.

மேவிஸும் அவள் புருஷன் டெரிக்கும் நைஜெலின் ஒட்டு வீடு. டெரிக் பஸ் ஓட்டியவர். குடிவந்த வருஷம் வேலியோரம் ஒரு பேரிக்கன்று நட்டார். வெயில் நைஜெல் பக்கம். மரத்துக்கு வேலி தெரியுமா, சட்டம் தெரியுமா? வெயிலைத் தேடி அந்தப் பக்கமே சாய்ந்து, அந்தப் பக்கமே கிளை விட்டு, அந்தப் பக்கமே பூத்தது. டெரிக்குக்கு அதில் வருத்தமில்லை. "பூவைப் பாக்க வேலி எதுக்குக் குறுக்க வரப்போகுது?" என்பார்.

அவருக்கு நெஞ்சில் புற்று வந்து, இனி மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டபோது குளிர்காலம். கீழே பின்பக்க அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டாள் மேவிஸ். தலையணையில் படுத்தபடியே மரம் தெரியும்.

"பூவைப் பாத்துட்டுத்தான் போவேன், வாத்துக்குட்டி," என்றார். அந்த வட்டாரத்தில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அதுக்கு முன்னாடி யாரும் என்னை இந்தக் கட்டில்லேர்ந்து கிளப்ப முடியாது."

மார்ச் கடைசியில் மொட்டு வீங்கத் தொடங்கியது. தினமும் காலையில் டெரிக் கேட்பார், "இன்னைக்கு எப்படி?" அவள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "பட்டாணி அளவு," என்பாள். மறுநாள், "பட்டாணியைவிடப் பெரிசு."

ஒருநாள் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினாள். பின்பக்க அறையில் என்றுமில்லாத வெளிச்சம். ஜன்னலில் வெறும் வானம். மரம் இருந்த இடத்தில் கிளையில்லாத ஒரு முதுகு மட்டும், வெட்டுவாய்களில் அழுகாமலிருக்கத் தடவிய கறுப்புப் பூச்சுடன் நின்றது. டெரிக் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"சுத்தமா வெட்டினான்," என்றார். "நல்ல ரம்பம் போல." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேவிஸ் வேலியண்டை போனாள். நைஜெல் தன் முற்றத்துப் புதுக் கற்களைப் பெருக்கிக்கொண்டிருந்தான். முந்தின வருஷம்தான் அந்தக் கற்களைப் பதித்திருந்தான். தேன் நிறம்.

"மொட்டு விட்டிருந்துச்சு, நைஜெல்."

"அதனாலதான் இப்பவே முடிச்சேன், மேவிஸ். பூ கொட்டுச்சுன்னா கல்லுல கறை புடிச்சுக்குது. போன வருஷமே பாத்தேன். வேலி தாண்டி வந்ததை வெட்டிக்கலாம். ஆனா வெட்டினது மரத்துக்காரங்களுக்குத்தான் சொந்தம். அதான் ஒண்ணு விடாம உங்க பக்கம் வச்சுட்டேன். சட்டம் சட்டம்தானே?"

"டெரிக் பாத்துட்டிருந்தார்."

"அப்படியா? நான் கவனிக்கல. எப்படி இருக்கார்? நான் கேட்டதாச் சொல்லுங்க."

அவள் கிளைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். வாளி, பூவாளி, பாத்திரம் கழுவும் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் ஊற்றி, கட்டிலைச் சுற்றி நட்டுவைத்தாள். அறை காடு மாதிரி ஆயிற்று. மொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு, "சீக்கிரம், சீக்கிரம்," என்றாள். மொட்டு கேட்குமா? டெரிக் போனபோது ஒன்றிரண்டில் வெள்ளை விளிம்பு மட்டும் தெரிந்தது.

அடக்கத்தன்று எல்லாம் விரிந்தன.

அடக்கம் முடிந்து சந்து முழுக்க அவள் வீட்டில் கூடியது. தேநீரும் பன்றிக்கறி சான்ட்விச்சும். ஒருவரும் மரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் ஜன்னலிலிருந்தும் அந்த மொட்டை முதுகு தெரிந்தது. மழை எப்போது நிற்கும் என்று மட்டும் பேசினார்கள். நைஜெல் கையில் தட்டோடு பின்பக்க அறைக்குள் வந்து, வாளிகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"பூ ரொம்ப நல்லா இருக்கு, மேவிஸ். எந்தக் கடையில வாங்குனீங்க?"

அவனுக்குத் தெரியவே இல்லை. தான் வெட்டியது எது என்றே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நன்றி, நைஜெல்," என்றாள் மேவிஸ். "இன்னொரு சான்ட்விச் எடுத்துக்குங்க."

அந்த நிமிஷத்தில்தான் அவள் வயிற்றில் அது விழுந்தது. அழுகையில்லை. அழுகை கரைந்துபோகும். இது கல் மாதிரி விழுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் கத்தவில்லை, கல்லெறியவில்லை, புகார் எழுதவில்லை. தினமும் "குட் மார்னிங், நைஜெல்" சொன்னாள். குப்பை நாளில் அவன் தொட்டியைப் பார்த்துத் தன் தொட்டியை உருட்டினாள். ஆவக்காய் ஊற ஊறத்தானே காரம் ஏறும்? ஊறட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று வசந்தம் போயிற்று. மரம் மெல்லத் தேறி, வெயிலில்லாத அவள் பக்கத்தில் முதல்முறையாகக் கொம்பு விட்டது. நாலாவது வருஷம் கோடை தொடங்கும்போது, நைஜெல் வீட்டு முன்புல்லில் ஒரு கம்பமும் அதன்மேல் பலகையும் முளைத்தன. வீடு விற்பனைக்கு.

மேவிஸுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், பொய் சொல்வானேன். ஒழிந்தது சனியன் என்று கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அது கொதிப்பதற்குள் நைஜெல் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டான்.

"சேதி கேட்டீங்களா, மேவிஸ்? நார்ஃபோக்ல ஒரு வீடு பாத்திருக்கோம். மாடி கிடையாது, எல்லாம் கீழேயே. படுக்கையறைதான் விசேஷம். ஜன்னல் நேரா கடலுக்கு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே வேண்டாம், பாத்துக்குங்க. கண்ணைத் திறந்தா கடல். படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டிருக்கலாம், கடைசி வரைக்கும்."

"ரொம்ப நல்லது, நைஜெல்," என்றாள் மேவிஸ்.

உள்ளே போனாள். கெட்டில் கூவிக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை.

தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல்! அவளுடைய டெரிக் கேட்டது ஒரு மரம். இவனுக்கு ஒரு கடலே கிடைக்கப்போகிறது. இவன் போனால் அவளுக்கு நிம்மதி, அவனுக்கு ஜன்னல். இவன் இங்கேயே கிடந்தால் அவளுக்கு ஆயுசுக்கும் கண்முன்னால் எதிரி, ஆனால் அவனுக்கு ஜன்னல் கிடையாது. நிம்மதியா, பழியா? இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லை.

தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை நின்று யோசித்தாள். பிறகு அடுப்பை அணைத்து, தோட்டத்துக் கையுறையைத் தேடி எடுத்தாள்.

அங்கே வீடு விற்பது ஒரு சங்கிலி. நைஜெலின் வீட்டை ஒருவர் வாங்கினால்தான் அந்தப் பணத்தில் நைஜெல் கடல் வீட்டை வாங்க முடியும். அதன் சொந்தக்காரர் வேறெங்கோ வாங்கக் காத்திருப்பார். ஒரு கண்ணி அறுந்தால் அத்தனையும் அறும். இன்னொரு வழக்கமும் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் முதல்முறை தரகரோடு வருவார்கள். பிடித்துப்போனால் இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் தாங்களே வந்து, பக்கத்து வீட்டில் யாராவது செடி வெட்டிக்கொண்டிருந்தால் பேச்சுக் கொடுப்பார்கள்.

அந்தக் கோடை முழுக்க மேவிஸ் முன்புறத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தாள். களை என்று ஒன்று தலைகாட்டினால் அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் தனக்குத்தானே விதித்துக்கொண்டாள். பொய் சொல்வதில்லை. நைஜெல் சட்டப்படி வெட்டினான், அவளும் சட்டப்படியே வெட்டுவாள்.

முதலில் பெரிய காரில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

"இங்க அமைதியா இருக்குமாங்க?" என்றாள் அந்தப் பெண்சாதி.

"ரொம்ப அமைதி, கண்ணு. பள்ளிக்கூடம் விடற நேரத்தைத் தவிர."

"அப்போ என்ன?"

"அப்பவும் சந்தோஷமான சத்தம்தான். பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க காரையெல்லாம் இங்க கொண்டாந்து வாசல்ல நிறுத்திடுவாங்க. காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். நீங்க எங்கேயும் வெளிய போக வேண்டியதில்லேன்னா ஒரு தொந்தரவும் கிடையாது."

புருஷன் தன் பெரிய காரைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் மறுபடி வரவில்லை.

அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி. தனியாக இருப்பவள், நிமிர்ந்த முதுகு. "அக்கம்பக்கம் எப்படி? நல்ல மனுஷங்கதானா?"

"ரொம்ப மரியாதையானவங்க," என்றாள் மேவிஸ், ரோஜாக் கிளையைக் கத்தரித்தபடி. "யாரும் யார் விஷயத்திலயும் தலையிட மாட்டாங்க. என் வீட்டுக்காரர் செத்தப்போ எல்லாரும் வந்தாங்க. மழையைப் பத்திப் பேசிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னைத் தொந்தரவு பண்ணல. மூணு வருஷமாச்சு."

தலைமையாசிரியை கையிலிருந்த வீட்டு விவரத் தாளை மடித்தாள். பிறகு மெதுவாக, "நன்றிம்மா. எனக்கு அது தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு மேவிஸுக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. தான் சொன்னது எத்தனை நிஜம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஜூலையில் நைஜெலின் மனைவி டோரீன் தேநீருக்கு வந்தாள். நைஜெலுக்கு வாழ்க்கைப்பட்டதைத் தவிர வேறு பாவம் அறியாதவள். தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறவள்.

"ஆகஸ்ட் முடியறவரைக்கும்தான் அந்தக் கடல் வீட்டை விக்கிறவர் காத்திருப்பாராம்," என்றாள் டோரீன், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "எங்க வீட்டுக்காரர் தூங்கறதே இல்ல. தொலைநோக்கி வேற வாங்கி வச்சாச்சு."

"உனக்குச் சந்தோஷந்தானே, டோரீன்?"

"எனக்கா? அங்க எனக்கு யாரத் தெரியும் மேவிஸ்? கடற்காக்காயைத்தான் தெரியும். அதுங்க பாட்டுக் குழுவுல என்னைச் சேத்துக்குமா?" பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கே நான் சொன்னேன். ரெண்டு வாரம் பொறுத்துக்குங்கன்னு. பூத்து முடிஞ்சதும் வெட்டலாமேன்னு. 'சட்டத்துல ரெண்டு வாரம்னு எங்கேயும் போடல'ன்னுட்டார்."

சந்தில் முதல்முறையாக ஒருவர் அந்த மரத்தைப் பற்றி வாய் திறந்திருந்தார். மேவிஸ் எழுந்தாள். டோரீனின் கோப்பையை வாங்கிக் கழுவி, புதுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் ஹாலியும் கேலமும் வந்தார்கள். இளசுகள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பெயர் ஆல்பி, வாயெல்லாம் எச்சில். மேவிஸ் பள்ளிக்கூடக் கார்களைச் சொன்னாள். "நாங்க பஸ்லதான் போவோம்," என்றாள் ஹாலி. மரியாதையான அக்கம்பக்கத்தைச் சொன்னாள். "அப்போ நாங்க வந்து உங்களத் தொந்தரவு பண்றோம் பாட்டி," என்று சிரித்தான் கேலம். அடுத்த வாரமே விலை பேசி முடித்துவிட்டார்கள். பலகைமேல் 'பேசி முடிந்தது' என்று ஒரு பட்டை ஒட்டினார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

இங்கேதான் மேவிஸுக்கு மனசு ஆட்டம் கண்டது. திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்த ஹாலி, வேலிக்கு மேலே குழந்தையைத் தூக்கிப் பிடித்து மரத்தைக் காட்டினாள். "பாரு ஆல்பி, பேரி மரம்! அடுத்த ஏப்ரல்ல இது பூத்தா நம்ம ரூம்லேர்ந்தே தெரியும்டா." மேவிஸ் உள்ளே போய்விட்டாள். விட்டுவிடுவோம் என்று தோன்றியது. டெரிக்கின் மரத்தை இந்தக் குழந்தை பார்க்கட்டுமே. அந்த ஆள் கடலைப் பார்த்துத் தொலையட்டுமே. நாலைந்து நாள் தோட்டத்துக் கையுறை ஆணியிலேயே தொங்கியது.

அதை எடுக்கவைத்தவன் நைஜெல்தான். வேலிக்கு அப்பால் கொட்டகையைக் காலிசெய்துகொண்டிருந்தவன், நல்ல மனநிலையில் இருந்தான்.

"இன்னும் ரெண்டே வாரம், மேவிஸ். தொலைநோக்கிக்குக்கூட இடம் பாத்தாச்சு. கட்டில்ல படுத்தபடியே கண்ணை வச்சுக்கலாம்." பிறகு தலையைச் சாய்த்து, பரிவாகச் சொன்னான்: "பாவம் டெரிக். இருந்திருந்தா கூப்பிட்டுட்டுப் போய்க் காட்டியிருப்பேன். அவருக்கும் படுத்துக்கிட்டு இப்படி ஏதாவது பாக்கப் பிடிச்சிருக்கும்ல?"

மேவிஸ் அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. வன்மம் இல்லை. நினைவு என்பதே அதில் இல்லை, கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"ஆமா, நைஜெல்," என்றாள். "ரொம்பப் பிடிச்சிருக்கும்."

சனிக்கிழமை ஹாலி மறுபடி வந்தாள், குழந்தையோடு, கதவைத் தட்டிக்கொண்டு. முகத்தில் சின்னத் தயக்கம்.

"தப்பா நினைக்காதீங்க பாட்டி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எங்க வக்கீல் கேக்கச் சொன்னாங்க. அக்கம்பக்கத்துல சண்டை சச்சரவு ஏதும் உண்டான்னு. நைஜெல் ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டார். சும்மா உங்க வாயாலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டா…"

ஆல்பி மேவிஸின் கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடிச் சங்கிலியை எட்டிப் பிடித்தான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

"சண்டையா? இல்லையே, கண்ணு. சண்டைன்னா ரெண்டு பேர் வேணும். இங்க நான் ஒருத்திதான் போட்டுட்டிருக்கேன். அவருக்கு இன்னும் தெரியாது."

ஹாலியின் சிரிப்பு பாதியில் நின்றது.

மேவிஸ் அவளைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது. தலையணையைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், கறுப்புப் பூச்சுப் பூசிய முதுகைக் காட்டினாள். நடந்ததை ஏற்றாமல் குறைக்காமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சொல்லச் சொல்ல ஹாலி குழந்தையை இறுக்கிக்கொண்டே வந்தாள். சங்கிலியிலிருந்து பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"நைஜெல்கிட்ட இன்னும் ஒண்ணு மட்டும் கேளுங்க," என்றாள் மேவிஸ். "சாக்கடை மூடி எங்கேன்னு கேளுங்க. ரெண்டு குளிர்காலம் அது பொங்கி வழிஞ்சுது. எனக்கு வாடை வந்துச்சு, அதனால தெரியும். அப்புறம் மூடியே காணாமப் போச்சு. அதுக்கு மேல எவ்வளவு அழகான கல்லு பாருங்க. ஒரு பூ விழக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சிருக்கார்."

ஹாலி வாசலுக்குப் போனாள். திரும்பி மேவிஸைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இருந்தது பயம். பக்கத்து வீட்டுக் கிழவிக்குச் சரியில்லை என்கிற பயம். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மேவிஸ் கண்ணாடிச் சங்கிலியைத் துடைத்தாள். குழந்தையின் எச்சில் இன்னும் ஈரமாக இருந்தது. நல்ல பிள்ளைகள், நல்ல அயல் வீடாக இருந்திருப்பார்கள். தானும்தான் இழந்தாள். தெரிந்தே கொடுத்தாள். மருந்து மாதிரி அந்தக் கசப்பை விழுங்கினாள், துப்பவில்லை.

திங்கட்கிழமை, ஹாலியின் வக்கீல் கேட்டதால், தேன் நிறக் கற்களைப் பெயர்த்தார்கள். பிளம்பர் குனிந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். செவ்வாய்க்கிழமை பலகையிலிருந்த பட்டையைக் கிழித்தெடுத்தார்கள். சங்கிலி அறுந்தது. கெட்டரிங்கிலிருந்து நார்ஃபோக் வரைக்கும் யார் யாரோ மூட்டையைப் பிரித்தார்கள். கடல் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை, வேறு யாருக்கோ விற்றுவிட்டார். நைஜெல் வீட்டுக்கு அதன்பின் வந்தவர்களெல்லாம் பின்பக்கத்துக் குழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்," என்றார்கள். அந்த ஊரில் அதற்கு மாட்டோம் என்று அர்த்தம். அந்த வாரம் குப்பை நாளில் நைஜெல் தப்பான தொட்டியை உருட்டி வைத்தான். சந்து முழுக்கத் தப்பான தொட்டியை உருட்டி வைத்தது. மேவிஸ் மட்டும் காலண்டரைப் பார்த்துச் சரியானதை வைத்தாள்.

அக்டோபரில் ஒரு புயற்காற்று வந்தது. விடிந்து பார்த்தால், விற்பனைப் பலகை கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்து மேவிஸின் முன்புல்லில் குப்புறக் கிடந்தது.

மேவிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு இழுத்துக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போனாள். டெரிக்கின் பழைய ரம்பத்தை எடுத்து, கம்பத்தின்மேல் காலை வைத்து அறுக்க ஆரம்பித்தாள். ரம்பம் துருப்பிடித்து வழுக்கியது. மூச்சு வாங்கியது.

"அது மழுங்கிப்போச்சு, மேவிஸ்."

வேலிக்கு மேலே டோரீனின் முகம். மேவிஸின் கை அப்படியே நின்றது. முப்பது வருஷ அயல்காரி. என்ன சொல்லித் தப்புவது?

டோரீன் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போனாள், வந்தாள். வேலிக்கு மேலாக ஒரு ரம்பத்தை நீட்டினாள். சிவப்புப் பிடி, எண்ணெய் பூசிப் பளபளக்கும் பல். "இது நல்லா அறுக்கும். மரத்துக்கு இதத்தான் எடுத்தார்."

மேவிஸ் அதை வாங்கிக்கொண்டாள்.

"அவரு எங்க?"

"குளிக்கிறார். இப்பல்லாம் ரொம்ப நேரம் குளிக்கிறார்."

உண்மையிலேயே நல்ல ரம்பம். வெண்ணெய் மாதிரி இறங்கியது. மேவிஸ் ஒவ்வொரு துண்டாக வேலிக்கு மேலே கொடுத்தாள். டோரீன் வாங்கி, பெயர்த்துப் போட்ட கற்களுக்குப் பக்கத்தில், படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழே அடுக்கினாள். நீளமானது அடியில், குட்டையானது மேலே.

"நுனியெல்லாம் ஒரே பக்கம் இருக்கணும்ல?" என்றாள் டோரீன். பாட்டுக் குழுவில் சுருதி கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"ஆமா. சணல் இருக்கா?"

"இருக்கு."

கட்டி முடித்ததும் டோரீன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேவிஸ் வேலியண்டையே நின்றாள். சற்று நேரத்தில் மாடியில் திரை விலகியது. நைஜெல் ஈரத் தலையோடு கீழே பார்த்தான். அடுக்கைப் பார்த்தான். சணல் முடிச்சைப் பார்த்தான். பிறகு அவன் கண் மெல்ல ஏறி, மொட்டை முதுகோடு நிற்கும் பேரிமரத்தில் போய் நின்றது. அது அங்கே நிற்பதை அன்றுதான் பார்க்கிறவன் போல வெகுநேரம் பார்த்தான். நிறம் மாறிய முகத்தை மேவிஸ் ஆசைதீரப் பார்த்தாள். நாலு வருஷமாக அதற்காகத்தானே காத்திருந்தாள்!

அவன் ஜன்னலைத் திறந்தான். "மேவிஸ்… இது…"

"குட் மார்னிங், நைஜெல். உங்க பலகை வேலி தாண்டி என் பக்கம் விழுந்துச்சு. வெட்டினேன். ஆனா உங்க பொருளாச்சே, ஒண்ணு விடாமத் திருப்பி வச்சுட்டேன்."

அந்தப் பல்லவியை அவன் சொல்வான் என்று பார்த்தாள். சொல்லவில்லை.

"சட்டம் சட்டம்தானே?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் திரையை இழுத்துவிட்டான். இழுத்தால் ஆயிற்றா? காலையில் திறந்துதானே ஆகவேண்டும். அந்தக் கட்டிலில் படுத்தபடியே, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் பார்க்க அவனுக்குக் கிடைத்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். ஏப்ரலில் மரம் பூத்தது. அவன் வெட்டாமல் விட்ட பக்கத்தில், வேலிக்கு இப்பால் அவள் பக்கத்தில் மட்டும் பூத்தது. அவன் ஜன்னலுக்கு அதே மொட்டை முதுகு. காற்றடித்தபோது பூவெல்லாம் வேலி தாண்டிப் போய் அவன் மறுபடி பதித்த கற்களின்மேல் விழுந்தது. மேவிஸ் டெரிக்கின் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவன் பெருக்குகிற சத்தத்தைக் கேட்டாள். பெருக்கி முடிப்பான். மறுபடி காற்றடிக்கும். மறுபடி பெருக்குவான்.